கவிழ்த்து வைத்த டம்ளர்

என் மகள் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை, அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும்படி நானே அமைத்த கணினியில் உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க எழுதி, சேமித்து, சேமித்ததைத் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டு, பிறகு நானே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். “இந்தப் பெட்டியில் எதையும் வைக்காதீர்கள், தங்காது” என்று மில் முழுவதும் வகுப்பெடுத்தவன் நான்தான். மறுநாள் காலையில் திரை கழுவிவிட்ட அம்மிக்கல் போல இருந்தது. தாய்மாமன்கள் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று இரண்டு வீட்டாரும் வாரக்கணக்கில் பேசி முடிவு செய்திருந்தார்கள். நினைவிலிருந்து மறுபடி எழுதியதில் காரியாபட்டிச் சின்ன மாமா விடுபட்டுப் போனார். இன்றைக்கும் ஏதாவது விசேஷத்தில் எதிரே வந்தால், அவர் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்.

இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் ஏதோ தெரிந்தவன் மாதிரிப் பேசப்போகிறேன்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். விருப்பம் யாருடையது என்பதில் எனக்கும் நிர்வாகத்துக்கும் சிறிய கருத்து வேறுபாடு உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில் உள்ள ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவில் இருந்தேன். போன மாதம் அங்கே இப்போது வேலை பார்க்கும் பையன்கள் போன் செய்தார்கள். பழைய பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியது போடுகிறார்களாம். “சார், இதுல ஒரு வால்பேப்பரக்கூட மாத்த முடியலையே, ஏன் சார் இப்படி அடைச்சு வச்சீங்க? ரெண்டு வரி எழுதி அனுப்புங்களேன்” என்றார்கள். இது அந்த இரண்டு வரி.

நான் வேலை கற்றுக்கொண்ட விதத்தில் சொல்லத் தகுந்தது ஒன்றும் இல்லை. மதுரையில் ஒரு மாடியில் கணினிப் படிப்பு, அதைவிட அதிக நேரம் கீழே இருந்த புத்தகக் கடை. மில்லில் சேர்ந்தபோது எனக்கு வாசிக்கத் தெரியும், பிரிண்டரில் சிக்கிய தாளை எடுக்கத் தெரியும். மற்றதெல்லாம் எங்கள் பிரிவு மேலாளர் சங்கரலிங்கம் சார் சொல்லிக்கொடுத்தது.

மில்லில் கேட், கேண்டீன், பஞ்சுக் குடோன், டைம் ஆபீஸ் எல்லா இடத்திலும் தின் கிளையண்ட் வைத்திருந்தோம். டிபன் பாக்ஸ் அளவுள்ள கணினி. கணக்கெல்லாம் சர்வர் அறையில் இருக்கும் பெரிய கணினியில் நடக்கும். இது அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல், அவ்வளவுதான். உள்ளே சுற்றுகிற வட்டு கிடையாது, நகத்தளவு ஒரு சில்லு. அந்தச் சில்லு படித்தால் தேயாது, எழுதினால் தேயும். எழுதிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் படுத்துவிடும். அதனால் ஒரு பூட்டுப் போடுவோம். பூட்டுப் போட்ட பிறகு யார் எதை எழுதினாலும் கணினி அதைச் சில்லில் எழுதாது. தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு, எழுதியாகிவிட்டது என்று நம்மிடம் சொல்லிவிடும். கோப்பு கண்ணுக்குத் தெரியும், திறக்கும், மூடும். மின்சாரம் போனால் அத்தனையும் போகும். மறுபடி போட்டால், நாங்கள் முதல் நாள் அமைத்துக் கொடுத்த கோலத்தில் எழுந்து நிற்கும். புத்தகத்தில் ரைட் ஃபில்டர் என்று போட்டிருக்கும். மில்லில் அதற்குப் பெயர் பூட்டுதான்.

டைம் ஆபீஸில் ஒருவர் தினமும் காலையில் வந்ததும் திரையில் முருகன் படம் வைப்பார். ராத்திரி அணைத்ததும் முருகன் போய்விடுவார். மறுநாள் மறுபடி வைப்பார். பாவம் என்று நினைத்து, பூட்டைத் திறந்து நிரந்தரமாக வைத்துத் தருகிறேன் என்றேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “தெனமும் வச்சாத்தான சார் பூசை. ஒட்டி வச்சுட்டா அது காலண்டரு.” பூட்டைப் புரிந்துகொண்டு அதோடு சமாதானமாக வாழ்ந்த ஒரே ஊழியர் அவர்தான்.

இந்தப் பூட்டைத் திறந்து மூடுவதில்தான் சங்கரலிங்கம் சாரின் முறை இருந்தது. ஒரு கணினியில் நிரந்தரமாக ஏதாவது மாற்றவேண்டும் என்றால் முதலில் பூட்டைத் திறக்கவேண்டும். மறுபடி தொடங்கவேண்டும். வேலையை முடித்து, சரிபார்த்து, பூட்டை மூடி, மறுபடியும் தொடங்கவேண்டும். கடைசிக் காரியம்தான் மறந்துபோகும். நான் சேர்ந்த புதிதில் குடோன் கணினியைத் திறந்து போட்டுவிட்டு, மூடாமல் வந்துவிட்டேன். அது கண்டதையும் எழுதி எழுதி, ஒரு வாரத்தில் சில்லு நிறைந்து செத்துப்போனது. சார் என்னைத் திட்டவில்லை. என்னுடைய எவர்சில்வர் டீ டம்ளரை எடுத்து, செத்த கணினியின் தலையில் கவிழ்த்து வைத்தார்.

“இனிமே எந்தப் பெட்டியத் தொறக்கிறியோ, அது மேல ஓன் டம்ளரக் கவுத்து வையி. மூடுன பெறகு எடு.”

டம்ளர் கவிழ்ந்திருந்தால் பூட்டுத் திறந்திருக்கிறது, யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். டம்ளர் அங்கே இருக்கிற வரை எனக்கு டீ கிடையாது. இதைவிடச் சிறந்த பாதுகாப்பு ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அதன் பிறகு ஒரு பெட்டியையும் நான் திறந்து போட்டுவிட்டு வந்ததில்லை. சாருக்கும் தனி டம்ளர் உண்டு, வாய் அகன்ற பித்தளை டம்ளர். அவர் கையால் பெட்டியைத் திறந்து பல வருஷம் ஆகியிருந்ததால், அது டீக்கு மட்டுமே பயன்பட்டது.

அவருடைய இன்னொரு பழக்கம் “அப்புறம்?” என்பது. எப்பேர்ப்பட்ட விபரீதத்தைச் சொன்னாலும் குரல் உயராது. “சரி, அப்புறம்?” என்பார். நாம் அடுத்ததைச் சொல்வோம். மறுபடியும் “அப்புறம்?” இப்படியே போனால், எதைச் சொல்லக்கூடாது என்று மாடிப்படி ஏறும்போது முடிவு செய்திருந்தோமோ அதையும் சொல்லியிருப்போம். போலீஸ் வேலைக்குப் போகாமல் விட்டாரே என்று நான் நினைத்ததுண்டு.

இனி எடைமேடைக்கு வருகிறேன்.

எடைமேடை மில் கேட்டுக்கு வெளியே, சாலையை ஒட்டி இருந்தது. எங்கள் பஞ்சு லாரிகள் போக, வெளி லாரிகளும் வந்து எடை போட்டுப் போகும். திருச்சுழிப் பக்கமிருந்து சீமைக்கருவேலங்கரி ஏற்றிய லாரிகள் நிறைய வரும். அங்கே பால்ச்சாமி அண்ணன்தான் பொறுப்பு. அவருடைய கருவி அவருடைய தொண்டை. கேபினுக்குள் உட்கார்ந்தபடி மைக்கில் அவர் போடும் சத்தத்துக்கு, மேடையில் இருக்கும் லாரி மட்டுமல்ல, ரோட்டில் போகிற பஸ்ஸும் ஒரு கணம் வேகம் குறைக்கும். அவர் யாரையும் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் லீவு போட்ட நாளில் டிரைவர்கள், “எங்க அண்ணனக் காணோம்?” என்று கேட்காமல் போனதும் இல்லை.

அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் பெரிய டாக்டர், குரல்வளையையே எடுக்கவேண்டும், பிறகு பேச்சு வராது என்று சொல்லிவிட்டார். தேதி கொடுத்து, அதுவரை தொண்டைக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று அனுப்பினார். பால்ச்சாமி அண்ணன் வீட்டில் இருக்கவில்லை, வேலைக்கு வந்தார். அங்கே மற்ற ஷிப்டைப் பார்த்த மாரிச்செல்வி, பந்தல்குடிப் பெண், ஒரு யோசனை சொன்னாள். “தெனம் ஒரே வசவத்தானண்ணே வையிறீக. ஒரு தடவ சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிப் போட்டுக்கிருவோம்.” தலைமை ஆபீஸோடு பேசக் கொடுத்திருந்த ஹெட்போன் மைக்கில், எடைமேடைக் கணினியில், அவர் பேசினார். அவள் பதிந்தாள். லாரி வந்ததும் ஒரு கிளிக் செய்தால், வெளியே குழாய் ஒலிபெருக்கியில் அண்ணன் சத்தம் போடுவார். ஆபரேஷன் முடிந்து, அவர் திருச்சுழிப் பக்கம் தன் ஊரில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகும், எடைமேடையில் அவர் குரல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

அதை நானும் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். செல்வி தன் போனிலிருந்து போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை. மற்ற பெட்டிகளை எல்லாம் மாதம் ஒரு தடவை அணைத்துப் போடுவோம். எடைமேடைப் பெட்டியை மட்டும் அணைப்பதில்லை. அணைத்தால் எடைக்கருவியோடு அது மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள் பந்தல்குடி வரை லாரி நின்றுவிடும். அதற்கென்று தனி பேட்டரியே உண்டு.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அது அணையும். ஆயுத பூஜை.

எங்கள் முதலாளி எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பார், ஆயுத பூஜையில் மாட்டார். ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கக்கூடாது, ஓய்வில் இருக்கிறதுக்குத்தான் வைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மத்தியானத்தோடு மில் நிற்கும். துடைத்துக் கழுவி, சாயங்காலம் அவரே சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வருவார். கணினியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் நம்மைப் பார்ப்பார்.

அந்த வருஷம் பூஜையன்று மத்தியானம் செல்வி போன் செய்தாள். திரையில் மஞ்சள் கட்டம் வருகிறதாம், நினைவகம் நிறையப்போகிறது என்கிறதாம். இதற்கு என்னிடம் எப்போதும் ஒரே மருந்துதான். போய் அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும். எப்படியும் பூஜைக்கு அணைக்கவேண்டியதுதானே என்று நிதானமாக நடந்து போனேன். கடைசியாக எடை போட இரண்டு மூன்று லாரிகள் நின்றன. குனிந்து கணினியின் பொத்தானில் விரல் வைத்தேன்.

“இந்த ஒரு லாரிய முடிச்சுக்கிறேன் சார்” என்று செல்வி திரையில் எதையோ தட்டினாள். வெளியே பால்ச்சாமி அண்ணன் சத்தம் போட்டார். நான் விரலை எடுத்தேன்.

“இது எங்க இருந்து வருது?”

“இதுல இருந்துதான்.”

“ஓன் போன்ல இல்ல?”

“கம்ப்யூட்டர்லதான் இருக்குல்ல சார். எங்க போகப்போகுது?”

என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள் அவள். கோபப்படலாம் என்று வாயைத் திறந்தபோது மகளின் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

வேறு எங்கேயாவது அவர் குரல் இருக்கிறதா என்று கேட்டேன். அண்ணன் வைத்திருந்தது பட்டன் போன். மகன் கல்யாண வீடியோவில் அவர் கைகட்டி நிற்கிறார், நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. ஆக, அந்த மனிதரின் குரல் உலகத்தில் இருந்தது அந்த டிபன் பாக்ஸுக்குள் மட்டும்தான். அதுவும் சில்லில் இல்லை, மின்சாரம் இருக்கிற வரை. சாயங்காலம் முதலாளி சந்தனத்தோடு வருவார். அதற்கு முன்பே அந்த மஞ்சள் கட்டம் சிவப்பாகிவிட்டால், கணினி யாரையும் கேட்காமல் தானே அணைந்து எழும்.

கோப்பை வெளியே எடுக்க வழி பார்த்தேன். பென் டிரைவ் சொருகினால் கணினி ஏற்காது. ஒரு தடவை எங்கேயோ கல்யாண வீட்டுப் பென் டிரைவிலிருந்து மில் முழுக்க வைரஸ் பரவியதால் நான் அடைத்துவிட்டேன். மெயிலில் அனுப்பலாம் என்றால் மில் மென்பொருளைத் தவிர எந்தப் பக்கமும் திறக்காது. அதையும் நான்தான் அடைத்தேன். என் அறையிலிருந்து இதற்குள் நுழைந்து எடுக்கலாம் என்றால், அந்த வழியைப் போன வருஷம்தான் பெருமையோடு மூடினேன். நிர்வாகியாக உள்ளே போகவேண்டும் என்றால் இப்போதுள்ள கணக்கிலிருந்து வெளியேறவேண்டும். வெளியேறினால் கணினி தானாக மறுபடி தொடங்கும். அந்த ஏற்பாட்டுக்கு எனக்கு வருஷாந்திரக் கூட்டத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். திருடனுக்குப் பயந்து வீட்டைப் பூட்டியவன் சாவியை உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்ற கதைதான்.

மாடி ஏறி சங்கரலிங்கம் சாரிடம் போனேன். அவர் பித்தளை டம்ளரில் பாதி டீயோடு உட்கார்ந்திருந்தார்.

“சார், எடைமேடைப் பெட்டியில ஒரு ஃபைல் இருக்கு.”

“சரி. அப்புறம்?”

“பால்ச்சாமி அண்ணன் கொரலு.”

“அப்புறம்?”

“பூட்டு மேலதான் இருக்கு, சில்லுல இல்ல. அணைச்சா போயிரும்.”

“அப்புறம்?”

“எடுக்கிறதுக்கு வழி இல்ல சார். எல்லாத்தையும் நான் அடைச்சிருக்கேன்.”

“அப்புறம்?”

“வேற காப்பி கிடையாது. அவுகளுக்கு இனிமே பேச்சும் கிடையாது.”

இதற்கு அவர் ‘அப்புறம்’ சொல்லவில்லை. எழுந்தார். டம்ளரில் இருந்த டீயை ஜன்னல் வழியாக வேப்பமரத்துக்கு ஊற்றினார். காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

பாதி வழியில் நின்றார். “எல்லாத்தையும் அடைச்சேன்னு சொன்னியே, சத்தத்த அடைச்சியா?”

“இல்ல சார்.”

“அப்பச் சத்தமாவே வெளிய எடுப்போம். போன்ல பிடிச்சுக்கிருவோம். மில்லு நின்னுருச்சு, கேக்குதா?”

கேட்கத்தான் செய்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மில்லின் இரைச்சல் நம் காதில் இருப்பதே நமக்குத் தெரியாது. அது நிற்கும்போதுதான் யாரோ தலையிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருக்கும். வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அப்படி. குரலைக் கொண்டுபோகப்போகிற அதே பூஜைதான் அதைப் பிடிப்பதற்கான அமைதியையும் கொடுத்திருந்தது. ஆனால் எடைமேடைக்குப் போனால் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

சார் கேபினுக்குள் போய், தன் பித்தளை டம்ளரைக் கணினியின் மேல் கவிழ்த்தார். பூட்டுத் திறந்திருக்கவில்லை. முறைப்படி பார்த்தால் அது தப்பு. பிறகு வெளியே வந்து, ரோட்டோரம் நின்ற லாரிகளிடம் ஒவ்வொன்றாகப் போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்ட மேலாளர் கையைக் கூப்பிக் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேடை மேல் ஒரு கரி லாரி நின்றது. அதன் டிரைவர் நிறுத்த மாட்டேன் என்றார். பேட்டரி செத்த வண்டியாம், அமர்த்தினால் தள்ளித்தான் கிளப்பவேண்டுமாம்.

“மேட மேல வச்சு அமத்தச் சொல்றீகளே சார், அப்பறம் யாரு தள்ளுவா?”

செல்வி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “பால்ச்சாமி அண்ணன் கொரலுண்ணே. பிடிக்கலைன்னா இன்னையோட போயிரும்” என்றாள்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். லாரி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெளிக் குழாயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மேஜை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரைப் போட்டோம். என் போனை அதன் முன்னால் பிடித்தேன். அது அசையாமல் இருக்கச் சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரையில் மஞ்சள் கட்டம் இருந்தது. செல்வி ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“பின்னால வா... வா... வா... இன்னும் வா. நிறுத்து. ஏலே, நிறுத்துன்னா நிறுத்தணும். எஞ்சின அமத்து. கீழ எறங்கு. கிளீனரும் எறங்கு. அவன் எடைக்கு யாரு பில்லு போடுறது?”

‘நிறுத்து’ என்ற இடத்தில் ஜன்னலுக்குக் கீழிருந்து ஒரு தும்மல் வந்தது. கரித்தூசி. டிரைவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் அசையவில்லை.

வழக்கமாகச் செல்வி இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு எதையும் தொடப் பயந்து நிறுத்தவில்லை. பதிவு மேலே ஓடியது. பேசி முடித்ததும் பதிவு நின்றுவிட்டது என்று அண்ணன் நினைத்திருக்கிறார். நாற்காலி நகரும் சத்தம், டிபன் கேரியரை மூடும் சத்தம். பிறகு பட்டன் போனை அமுக்கும் சத்தம் ஒவ்வொன்றாக.

“ஆமா, நாந்தான். சாப்ட்டேன். சாப்ட்டேன்னு சொல்றேன்ல. கொழம்புல உப்பே இல்ல. உப்புன்னு ஒண்ணு கடையில விக்கிறான் தெரியுமா? மாத்திர போட்டேன். இல்ல, வலிக்கல. அதெல்லாம் வலிக்கல. ஆறு மணி பஸ்ஸுக்கு வாரேன். நீ ரோட்டுக்கெல்லாம் வந்து நிக்காத. வாரேன். ம், வையி.”

போனை மேஜையில் வைக்கும் சத்தம். அப்புறம் செல்வியின் குரல், “அய்யோ அண்ணே, இது ஓடிக்கிட்டே இருக்கு.” அதோடு முடிந்தது.

சார் என் மணிக்கட்டை விட மறந்திருந்தார். போனில் பதிந்திருப்பதைப் போட்டுக் கேட்டோம். எல்லாம் இருந்தது, தும்மல் உட்பட.

அடுத்து கரி லாரியைத் தள்ளவேண்டியிருந்தது. நானும் சாரும் மற்ற லாரிக்காரர்களும் தள்ளினோம். முதல் தள்ளில் அசையவில்லை, இரண்டாவதில் உறுமிக்கொண்டு கிளம்பியது. டிரைவர் கையை வெளியே ஆட்டிவிட்டுப் போனார். சாரின் வெள்ளைச் சட்டையில் இரண்டு கையும் நெஞ்சும் கரியாக இருந்தபோது முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தார். சாரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். கணினியின் முதுகில் புறங்கையை வைத்தார்.

“சுடுதே” என்றார்.

“முடிஞ்சதுங்க. இப்ப ஓய்வு கொடுத்துரலாம்” என்று சார் டம்ளரை எடுத்தார். செல்வி அணைத்தாள். விளக்கு போனது. அவள் அந்தப் பெட்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முதலாளி சந்தனம் வைத்து, அது சூடு குறைகிற வரை கேபினிலேயே நின்று, பிறகு குங்குமம் வைத்தார். காரணம் கேட்கவில்லை. போகும்போது சார் சட்டையை மட்டும் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

விஜயதசமி முடிந்து போட்டபோது கணினி ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது. திரை துடைத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை முறைப்படி செய்தோம். பூட்டைத் திறந்து, என் டம்ளரை மேலே கவிழ்த்து, மறுபடி தொடங்கி, நானே அடைத்த வழியை நானே திறந்து குரலை உள்ளே வைத்தேன். ‘யாரு பில்லு போடுறது’ வரைக்கும் மட்டும் வை, மிச்சத்தை வெட்டிவிடு என்று சார் சொன்னார். அது மில் சொத்து இல்லையாம். பூட்டை மூடி, மறுபடி தொடங்கி, குரல் இருக்கிறதா என்று பார்த்து, டம்ளரை எடுத்தேன். நான் விருப்பத்தோடு வெளியே வருகிற வரைக்கும் அது அங்கே இருந்தது. நாள்பட நாள்பட டிரைவர்கள் ‘நிறுத்து’ என்ற சொல்லுக்கு நிறுத்துவதில்லை, அதற்கடுத்து வரும் தும்மலுக்குத்தான் பிரேக் போடுகிறார்கள் என்று செல்வி சொன்னாள். பையன்களே, புதுப் பெட்டி போடும்போது அந்த ஒரு கோப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் பயன் அவ்வளவுதான்.

வெட்டாத முழுப் பதிவை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சாரும் செல்வியும் பால்ச்சாமி அண்ணன் ஊருக்குப் போனோம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தட்டி, உள்ளே இருந்த தன் மனைவியை, எங்கள் மதினியை, கூப்பிட்டார். மதினி முன்னறையில் வத்தல் மிளகாயைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டே எங்களோடு பேசினார். நடந்ததை எல்லாம் நான் விலாவாரியாகச் சொன்னேன். கணினியின் வழிகளை எல்லாம் நானே அடைத்ததை மட்டும் கொஞ்சம் சுருக்கினேன். சார் பக்கத்தில் இருந்து, “அப்புறம்?” என்றார். அதையும் சொன்னேன்.

பிறகு போனைக் கட்டிலில் வைத்துப் போட்டேன். அண்ணன் தன் குரலை ஒரு மேஸ்திரி வேலையைச் சரிபார்ப்பது போலக் கேட்டார். ‘வா... வா’ என்ற இடத்தில் அவர் கை தானாக அசைந்து லாரியைப் பின்னால் எடுத்தது. தும்மல் வந்தபோது என்னை முறைத்தார். வீட்டுக்குப் பேசிய பகுதி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரில் எதையோ தேட ஆரம்பித்தார்.

மதினியின் கை மிளகாய்க் குவியலுக்குள் அப்படியே நின்றது. முடிந்ததும், “இன்னொருக்காப் போடுங்க தம்பி” என்றார். போட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போய், கையில் மிளகாய்க் காரம் இருப்பது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு தடவை போடச் சொன்னார். அதையும் தலைகுனிந்து கடைசி வரைக்கும் கேட்டார்.

ஒரு மில்லின் அமைதியையும், வரிசையாக நின்ற லாரிகளின் அமைதியையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டுவந்தவன் என்ற முறையில், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் கொஞ்சம் ஆவலாகவே காத்திருந்தேன். மதினி மறுபடி மிளகாய்க் காம்பைக் கிள்ள ஆரம்பித்தார். அண்ணன் இருந்த பக்கம் திரும்பவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“அன்னைக்குக் கொழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு” என்றார்.